01-11 நவம்பரா, ஜனவரியா? டேட்டாபேஸில் தேதியைச் சரிபார்க்கும் முறை

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்த நாள் 1954 நவம்பர் 1. சட்டப்படி முழுமையாகக் கைமாறிய நாள் 1962 ஆகஸ்ட் 16. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கத் தேதி அமைப்பில் உள்ள கணினியில் எக்செல்லைத் திறந்து, நம் வழக்கப்படி 01/11/1954 என்றும் அதன் கீழே 16/08/1962 என்றும் அடித்துப் பாருங்கள். இரண்டாவது செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 16ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் எக்செல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. முதலாவது சமர்த்தாக வலது ஓரம் போய் உட்காரும். ஆனால் உள்ளே அது 1954 ஜனவரி 11 ஆகிவிட்டது. எச்சரிக்கை எதுவும் வந்திருக்காது.

பயப்பட வேண்டியது வலது ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான். இடது ஓரத்தில் நிற்பதை யாராவது ஒருநாள் கவனித்துத் திருத்திவிடுவார்கள். மாதத்தில் 1 முதல் 12 வரையுள்ள நாட்கள் எல்லாம் இப்படித் திரும்பக்கூடியவை. வருஷத்துக்கு 144 நாள். அதில் 5-5, 8-8 மாதிரி திரும்பினாலும் மாறாத 12 நாளைக் கழித்தால் 132 நாள். 365 நாளில் 132 நாள் சத்தமில்லாமல் தவறாக ஏறும் வாய்ப்பு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் தேதி வாங்கும் எந்த ஃபார்மையும் எழுத உட்கார வேண்டும்.

உதாரணத்துக்குக் கடலூர் முதுநகரில் படகு உரிமையாளர் சங்கம் ஒன்றுக்குப் பதிவேடு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினரின் பிறந்த தேதி, படகின் உரிமம் தொடங்கும் நாள், முடியும் நாள், கடலுக்குப் போன நேரம், கரை திரும்பிய நேரம். இந்த ஐந்தும் போதும், தேதியில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். கட்டளைச் சொற்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதல் வேலை காகிதத்தில்

கணினியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தேதி ஃபீல்டுக்கும் நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எவ்வளவு பழைய தேதி வரலாம்? எவ்வளவு புதிய தேதி வரலாம்? காலியாக விடலாமா? வேறு எந்தத் தேதிக்கு முன்னாலோ பின்னாலோ இருந்தாக வேண்டும்?

பிறந்த தேதிக்கு, உறுப்பினர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி என்றால், மேல் எல்லை இன்றிலிருந்து 18 ஆண்டுக்கு முன். கீழ் எல்லை 110 ஆண்டுக்கு முன் என்று வைக்கலாம். உரிமம் முடியும் நாள் எதிர்காலத்தில்தான் இருக்கும், அதனால் ‘எதிர்காலத் தேதி கூடாது’ என்ற விதியை எல்லா ஃபீல்டுக்கும் பொதுவாகப் போட்டால் முதல் நாளே வேலை நின்றுவிடும். கடைசி நாளும் உரிமத்தில் சேர்த்தியா, அதற்கு முந்தைய நாளோடு முடிகிறதா என்பதையும் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சண்டை வருவது அந்த ஒரு நாளில்தான்.

ஃபீல்டின் வகை

தேதியை எழுத்து ஃபீல்டில் வைக்காதீர்கள். ‘வார்ச்சார்’ போட்டுவிட்டால் 31-02-2023 உள்ளே போகும், ‘தெரியாது’ என்ற சொல்லும் உள்ளே போகும், வரிசைப்படுத்தினால் 02-01-2024 என்பது 01-12-2024க்குப் பின்னால் வந்து நிற்கும். நாள் மட்டும் வேண்டிய இடத்தில் ‘டேட்’ வகை. நேரமும் வேண்டிய இடத்தில் தேதியும் நேரமும் சேர்ந்த வகை.

படகு போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் ‘தேதி’ என்று ஒரு ஃபீல்டு, ‘போன மணி’, ‘வந்த மணி’ என்று இரண்டு ஃபீல்டு வைப்பார்கள். ராத்திரி 11 மணிக்குப் போன படகு விடிந்து 6 மணிக்கு வந்தால், கணக்குப்படி அது போவதற்கு 17 மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டதாக ஆகும். தங்கு கடல் தொழிலுக்குப் போகும் படகு நாலு நாள் கழித்து வந்தால் அந்த அமைப்பில் எழுதவே முடியாது. இரண்டுக்கும் தனித்தனியாகத் தேதியோடு சேர்ந்த நேரம் வையுங்கள்.

எந்த டேட்டாபேஸ் மென்பொருள் என்பதைப் பொறுத்து வகையின் கண்டிப்பு மாறும். போஸ்ட்கிரெஸ் கண்டிப்பானது, பிப்ரவரி 30 என்று கொடுத்தால் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கும். மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து இயல்பாகவே கண்டிப்பு முறையில் வருகிறது. ஆனால் பழைய அமைப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த சர்வர்களில் அந்தக் கண்டிப்பை அணைத்து வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் தவறான தேதி 0000-00-00 என்று மாறி உட்கார்ந்துவிடும், கூடவே யாரும் படிக்காத ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். ‘எஸ்கியூஎல்_மோடு’ என்ற அமைப்பில் ‘ஸ்ட்ரிக்ட்_ட்ரான்ஸ்_டேபிள்ஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நம்பகமான வழி, சோதனை டேபிள் ஒன்றில் 2023-02-30 என்று போட்டுப் பார்ப்பது.

எஸ்கியூலைட்டில் தேதி என்ற வகையே கிடையாது. ஃபீல்டுக்கு ‘டேட்’ என்று பெயர் எழுதினாலும் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும். மொபைல் ஆப்புகள் பெரும்பாலும் இதில் ஓடுவதால் இதற்கான வழியைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கேட்கும் விதம்

தேதியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதிலேயே பாதிப் பிழை நின்றுவிடும். சமீபத்திய தேதிகளுக்கு, அதாவது படகு போனது வந்தது மாதிரியானவற்றுக்கு, உலாவியின் சொந்தத் தேதிப் பெட்டி போதும். திரையில் எந்த வரிசையில் காட்டினாலும் அது சர்வருக்கு அனுப்புவது எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் வரிசைதான், 1954-11-01 என்று. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறை இதுதான். டேபிளுக்குள் போகிற எந்தத் தேதியும் இந்த வடிவத்தில்தான் போக வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டியில் மறக்காமல் செய்ய வேண்டியது, கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுப்பது. கொடுக்காவிட்டால் சில உலாவிகள் ஆண்டுக்கு ஆறு இலக்கம் வரை அனுமதிக்கும். 2024 என்று அடித்துவிட்டு விரல் தெரியாமல் 5 பட்டால் ஆண்டு 20245 ஆகிவிடும்.

பிறந்த தேதிக்கு இந்தப் பெட்டி உதவாது. 1962க்குப் போக நாட்காட்டியை மாதம் மாதமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் பின்னால் வரிசையில் நிற்பவர் பொறுமை இழப்பார், அடிப்பவர் கிடைத்த தேதியைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதற்கு மூன்று பெட்டி வையுங்கள். நாளுக்கு எண், மாதத்துக்குப் பெயர்ப் பட்டியல், ஆண்டுக்கு நான்கு இலக்கம். மாதத்தைப் பெயரால் தேர்ந்தெடுக்கும்போது 01-11 குழப்பம் பிறக்கவே வழியில்லை. பெயரை முழுதாக எழுதுங்கள். ‘மார்.’ என்று சுருக்கினால் மார்ச்சா மார்கழியா என்று கேட்பவர்கள் நம் ஊரில் உண்டு.

பதிவு செய்யும் முன் வாங்கிய தேதியைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: ‘1 நவம்பர் 1954, திங்கட்கிழமை’ என்று. இதில் வேலை செய்வது மாதப் பெயர். கிழமையை மட்டும் நம்பக்கூடாது. 1954 ஜனவரி 11ம் திங்கட்கிழமைதான்.

பிழைச் செய்தியும் இதில் சேர்ந்ததே. ‘தவறான தேதி’ என்று மட்டும் சொன்னால் அடிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘கரை திரும்பிய நேரம், கடலுக்குப் போன நேரத்துக்கு முன்னால் இருக்கிறது’ என்று எழுதினால் உடனே எந்தப் பெட்டியைத் திருத்துவது என்று தெரியும்.

இரண்டு இலக்க ஆண்டு

வாங்காதீர்கள். பழைய நோட்டுகளில் ‘12-6-48’ என்று இருப்பதை ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்றி ஏற்றினாலும் மைஎஸ்கியூஎல் 00 முதல் 69 வரை 2000களாகவும் 70 முதல் 99 வரை 1900களாகவும் எடுத்துக்கொள்ளும். 48இல் பிறந்த பெரியவர் 2048இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார். எக்செல் வேறு இடத்தில் கோடு போடுகிறது. வெகுகாலம் 29 வரை 2000கள் என்பதே அதன் வழக்கம், விண்டோஸின் அமைப்பில் இதை மாற்றவும் முடியும். ஒரே நோட்டு எக்செல் வழியாகப் போனால் ஒரு நூற்றாண்டு, நேராகப் போனால் இன்னொரு நூற்றாண்டு.

போதாததற்கு மைஎஸ்கியூஎல் முதலில் வருவதை ஆண்டாகத்தான் படிக்கும். 12-06-10 என்று கொடுத்தால் அதற்கு அது 2012 ஜூன் 10. நீங்கள் நினைத்தது 2010 ஜூன் 12. இரண்டும் சரியான தேதிகள் என்பதால் எந்தக் காவலும் இதைப் பிடிக்காது. ஆண்டுக்கு நான்கு இலக்கம், இல்லையென்றால் பதிவு இல்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டேபிளுக்குள் காவல்

ஃபார்மில் சரிபார்ப்பது அடிப்பவரின் வசதிக்கு. உண்மையான காவல் டேபிளில் இருக்க வேண்டும். ஃபார்மைத் தாண்டி எக்செல் இறக்குமதி வரும், மொபைல் ஆப் வரும், யாராவது நேராகக் கட்டளை அடிப்பார்கள். எல்லாரும் கடந்து போகும் ஒரே வாசல் டேபிள்தான்.

அதற்கான கருவி ‘செக்’ என்ற கட்டுப்பாடு. வந்த நேரம் போன நேரத்தைவிடப் பெரியது, உரிமம் முடியும் நாள் தொடங்கும் நாளுக்குச் சமமோ பெரியதோ, பிறந்த தேதி 1900-01-01க்குப் பின் என்பவற்றையெல்லாம் இதில் எழுதலாம். எழுதும்போது மூன்று குழி இருக்கிறது.

முதல் குழி பதிப்பு. மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் ‘செக்’ வரியை வாங்கிக்கொண்டு பிழை எதுவும் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடும். காவல் இருப்பதாக நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், வாசலில் யாருமே இருக்கமாட்டார்கள். எக்ஸாம்ப் (சொந்தக் கணினியிலேயே சர்வர் வைத்துப் பழக உதவும் தொகுப்பு) நிறுவியிருப்பவர்களுக்கு உள்ளே இருப்பது மைஎஸ்கியூஎல்லின் கிளையான மரியாடிபி. அதில் 10.2.1 முதல் ‘செக்’ வேலை செய்கிறது.

இரண்டாவது குழி காலி மதிப்பு. ‘செக்’ கட்டுப்பாடு ‘பொய்’ என்று வந்தால்தான் மறுக்கும். ‘நல்’, அதாவது ‘மதிப்பு தெரியவில்லை’ என்று வந்தால் அனுமதித்துவிடும். வந்த நேரம் காலியாக இருந்தால் ஒப்பீட்டின் விடையும் ‘நல்’, அதனால் பதிவு உள்ளே போகும். படகு இன்னும் கடலில் இருக்கிறது என்றால் அது சரிதான். காலியாக இருக்கவே கூடாத ஃபீல்டுக்கு ‘நாட் நல்’ என்று தனியாக எழுத வேண்டும்.

எஸ்கியூலைட்டில் இந்த இரண்டாவது குழி இன்னும் ஆழம். அங்கே செய்யக்கூடிய நல்ல வழி, வந்த எழுத்தை ‘டேட்’ செயல்பாட்டிடம் கொடுத்து, பூஜ்யம் நாள் கூட்டித் திரும்ப எழுதச் சொல்லி, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. 2023-02-30 கொடுத்தால் அது 2023-03-02 என்று திருப்பித் தரும், ஒன்றாக இல்லை, மறுத்துவிடலாம். பூஜ்யம் நாள் கூட்டுவது எதற்கு என்றால், கூட்டாவிட்டால் பழைய பதிப்புகள் பிப்ரவரி 30ஐ அப்படியே திருப்பித் தந்து சோதனையை ஏமாற்றிவிடும். ஒப்பிடும்போது சமக்குறி போடாமல் ‘இஸ்’ போடுங்கள். ‘தெரியாது’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘டேட்’ செயல்பாடு ‘நல்’ தரும். சமக்குறியில் விடை ‘நல்’ ஆகி, குப்பை உள்ளே போய்விடும். ‘இஸ்’ என்றால் ‘பொய்’ என்று வந்து தடுக்கும்.

மூன்றாவது குழி, இன்றைய தேதி. ‘பிறந்த தேதி இன்றைக்கு முன்’ என்று ‘செக்’கில் எழுத மைஎஸ்கியூஎல் விடாது, நாளுக்கு நாள் விடை மாறும் செயல்பாட்டை அது அங்கே ஏற்பதில்லை. போஸ்ட்கிரெஸ் விடும். ஆனால் ‘உரிமம் இன்றைக்குப் பின் முடிய வேண்டும்’ என்று அதில் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது காலாவதியான உரிமங்கள் எல்லாம் மறுக்கப்பட்டு வேலை பாதியில் நிற்கும். இன்றைய தேதியோடு ஒப்பிட வேண்டியவற்றுக்கு ‘ட்ரிகர்’ (பதிவு ஏறும்போது தானாக ஓடும் கட்டளை) எழுதுங்கள், அல்லது பதிவை அனுப்பும் நிரலில் பாருங்கள்.

நிரலில் பார்க்கும்போது ஒன்று. ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்துத் தேதி உருவாக்கினால், பிப்ரவரி 31 என்பது மறுக்கப்படாமல் மார்ச்சுக்கு உருண்டுவிடும். அங்கே மாத எண்ணும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. எக்செல்லின் ‘டேட்’ சூத்திரமும் இப்படித்தான் உருட்டும். உருவாக்கிய தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்ப எடுத்து, கொடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிஎச்பியில் ‘செக்டேட்’ என்ற செயல்பாடு நேராகவே சொல்லிவிடும்.

காலை நாலு மணி

துறைமுகத்தில் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். இரண்டாம் தேதி காலை 4 மணிக்கு வந்த படகை அப்போதே பதிவு செய்கிறார் எழுத்தர். ‘எதிர்காலத் தேதியை ஏற்க முடியாது’ என்று வருகிறது. காலை 8 மணிக்கு அதையே அடித்தால் ஏற்றுக்கொள்கிறது. சர்வர் பழுது என்று நினைத்து எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

காரணம் நேர மண்டலம். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். கடலூரில் காலை 5.30 ஆகும்வரை சர்வருக்கு அது நேற்றைய தேதிதான். இன்றைய தேதியைக் கேட்கும் ஒவ்வொரு விதியும் நள்ளிரவு முதல் 5.30 வரை ஒரு நாள் பின்தங்கி நிற்கும். டேட்டாபேஸ் இணைப்பின் நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்றோ +05:30 என்றோ வையுங்கள். மைஎஸ்கியூஎல்லில் மண்டலத்தின் பெயர் வேலை செய்ய அதற்கான டேபிள்களைத் தனியாக ஏற்றியிருக்க வேண்டும், எண் வடிவத்துக்கு அது தேவையில்லை. நம் நாட்டில் கோடைக்கு ஒரு நேரம் என்ற வழக்கம் இல்லாததால் எண்ணே போதுமானது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் நம் நேரப்படி நள்ளிரவாக உருவாக்கிய 1954 நவம்பர் 1ஐ ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றினால், அது யூடிசிக்குப் பின்னோக்கிப் போய் அக்டோபர் 31 மாலை 6.30 ஆகிவிடும். முதல் பத்து எழுத்தை வெட்டிச் சேமித்தால் பிறந்தநாள் ஒரு நாள் குறைந்திருக்கும். பிறந்த தேதியும் உரிமத் தேதியும் நேரம் இல்லாத வெறும் நாட்கள். அவற்றை நேர மண்டலத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தடைக்காலம்

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். புதியவர் உடனே இந்த இரண்டு தேதியையும் நிரலுக்குள் எழுதிவிடுவார். எழுதினால் என்னென்ன உடைகிறது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் 61 நாள் என்பது 2017இலிருந்துதான். அதற்கு முன் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள். பழைய நோட்டிலிருந்து 2015 ஜூன் 5ஐ ஏற்றும்போது ‘தடைக்காலம்’ என்று வந்தால் அது பொய். 2020இல் கொரோனா ஊரடங்கினால் மே 31ஓடு முடித்து 47 நாளாக்கினார்கள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குச் செய்கிறீர்கள் என்றால் இன்னொன்று: புதுச்சேரியும் காரைக்காலும் ஏனாமும் கிழக்குக் கரை, மாஹே மேற்குக் கரை. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே நிர்வாகம், இரண்டு காலம். இயந்திரம் இல்லாத நாட்டுப்படகுக்கோ இந்தத் தடையே இல்லை.

ஆகவே ‘தடைக்காலம்’ என்று தனி டேபிள் வையுங்கள். ஆண்டு, கரை, படகின் வகை, தொடக்கம், முடிவு. வருஷத்துக்கு ஒரு வரி சேர்த்தால் போதும், நிரலைத் தொட வேண்டாம். தேதியைச் சார்ந்த எந்த விதிக்கும் தனக்கென்று ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தையும் சேர்த்து எழுதி வைத்தால்தான் பழைய பதிவு பிழைக்கும்.

அடுத்தது, இதைத் தடையாக வைப்பதா, எச்சரிக்கையாக வைப்பதா? எச்சரிக்கையாக வையுங்கள் என்று உறுதியாகச் சொல்வோம். ஏப்ரல் 20 அன்று ஒரு விசைப்படகு கரைக்கு வந்தது உண்மை என்றால், அதைப் பதிவேடு வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வாங்கமாட்டேன் என்று திரை அடம்பிடித்தால் எழுத்தர் ஏப்ரல் 14 என்று மாற்றிப் போட்டுவிட்டு அடுத்த படகைப் பார்ப்பார். பொய்த் தேதியைப் பிறப்பித்தது உங்கள் விதி. நடக்கவே முடியாததை மட்டும் மறுங்கள்: பிப்ரவரி 30, போவதற்கு முன் வருவது. நடந்திருக்கலாம், ஆனால் விசாரிக்க வேண்டியது என்றால் காரணம் எழுதும் பெட்டி ஒன்றைத் திறந்து, பதிவை ஏற்றுக்கொண்டு, குறியிட்டு வையுங்கள். 95 வயது உறுப்பினர் இந்த வகை. தங்கு கடலுக்குப் போய் நெடுநாள் திரும்பாத படகும் இந்த வகை. எத்தனை நாளுக்கு மேல் என்றால் எச்சரிப்பது என்பதைப் படகுக்காரர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

தேதி தெரியாதவர்கள்

‘எப்ப பொறந்தீங்கய்யா?’ என்று கேட்டால், ‘சுனாமி வந்தப்ப எனக்கு அம்பது இருக்கும் தம்பி’ என்று பதில் வரும். தேவனாம்பட்டினம் பக்கம் இது சாதாரணப் பதில். சுனாமி 2004 டிசம்பர் 26, தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. இந்த இரண்டு தேதியையும் கைவசம் வைத்துக்கொண்டால் ஆண்டை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். நாளும் மாதமும் கிடைக்காது.

அப்போது பிறந்த தேதியைக் கட்டாயமாக்கி வைத்திருந்தால் 01-01-1954 என்று ஏறும். அடுத்தவருக்கும் 01-01. பிறகு உண்மையிலேயே ஜனவரி 1இல் பிறந்தவரைப் பிரித்தெடுக்க வழியே இருக்காது. பிறந்த தேதி ஃபீல்டைக் காலியாக விட அனுமதித்து, பக்கத்தில் பிறந்த ஆண்டு என்று ஓர் எண் ஃபீல்டு, ‘துல்லியம்’ என்று ஒரு ஃபீல்டு வையுங்கள். அதில் நான்கே மதிப்பு: நாள் வரை தெரியும், மாதம் வரை தெரியும், ஆண்டு மட்டும், மதிப்பீடு. ‘நாள் வரை’ என்று குறித்தால் தேதி காலியாக இருக்கக்கூடாது, ‘ஆண்டு மட்டும்’ என்றால் தேதி இருக்கக்கூடாது என்று ‘செக்’ எழுதலாம்.

ஜாதகத்தைக் காட்டி ‘பராபவ வருஷம் ஆடி 12’ என்பவர்களும் உண்டு. பராபவ 1966-67இல் வந்தது, அறுபது ஆண்டுச் சுழற்சியில் அடுத்தது 2026-27. எந்தச் சுற்று என்பதை ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நாளை ஆங்கிலத் தேதியாக்க அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் வேண்டும், ஏனென்றால் தமிழ் மாதப் பிறப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகும். அவர் சொன்னதை அப்படியே ஓர் எழுத்து ஃபீல்டில் வைத்துவிட்டு, மாற்றிய தேதியைத் தேதி ஃபீல்டில் வையுங்கள். மாற்றியது தவறு என்றால் மூலம் கையில் இருக்கும்.

பழைய எக்செல்லை ஏற்றுவது

அதிகச் சேதம் நடக்கும் இடம் இது. சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். திறந்த நொடியே எக்செல் தேதிகளைத் தன் விருப்பப்படி மாற்றிவிடும், சேமித்தால் மூலமும் போய்விடும். புதிய கோப்பைத் திறந்து, டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக, தேதி வரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்து ஏற்றுங்கள். நம் அலுவலகங்களில் 01.11.1954 என்று புள்ளி வைத்து எழுதுவதே வழக்கம். எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகவே இருக்கும். அது நல்லதுதான், இன்னும் யாரும் கெடுக்கவில்லை என்று அர்த்தம். முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளிகளை நீக்கி, ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ எடுத்து மூன்றாவது திரையில் ‘டேட்’ என்பதில் ‘டிஎம்ஒய்’ (நாள்-மாதம்-ஆண்டு) தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே திரும்பிப்போன கோப்பு வந்தால் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வலது ஓரம் நிற்கும் தேதிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அவற்றில் ஒன்றிலும் நாள் 12ஐத் தாண்டவில்லை, 13உம் அதற்கு மேலும் உள்ளவை எல்லாம் இடது ஓரத்தில் எழுத்தாக நிற்கின்றன என்றால், வலது ஓரம் முழுவதும் நாளும் மாதமும் மாறிப்போனவை. எழுத்தாக நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு ஏற்றினீர்களானால் தவறு நிரந்தரமாகிவிடும்.

எக்செல்லின் ‘டேட்டா வேலிடேஷன்’ நல்ல வசதி. ஆனால் ஒட்டும்போது அது காவல் காக்காது, அடிக்கும்போது மட்டும்தான். வேறு கோப்பிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் எதுவும் உள்ளே போகும்.

போஸ்ட்கிரெஸில் ஏற்றுகிறீர்கள் என்றால் முதலில் தேதியை எந்த வரிசையில் படிப்பது என்று சொல்லும் ‘டேட்ஸ்டைல்’ அமைப்பு என்னவென்று பாருங்கள். ‘எம்டிஒய்’ (மாதம்-நாள்-ஆண்டு) என்று இருந்தால் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அதே கதை நடக்கும்: 16/08/1962 பிழையாகும், 01/11/1954 ஜனவரி ஆகும். ‘டிஎம்ஒய்’ என்று மாற்றலாம். ஆண்டு முதலில் வரும் வடிவத்துக்கு மாற்றி ஏற்றிவிட்டால் எந்த அமைப்பும் ஒன்றும் செய்ய முடியாது. மைஎஸ்கியூஎல்லில் ‘எஸ்டிஆர்_டு_டேட்’ செயல்பாட்டுக்கு வடிவத்தை வெளிப்படையாகக் கொடுத்து மாற்றுங்கள்.

சோதனை

ஃபார்ம் வழியாக ஒருமுறை, ஃபார்மைத் தாண்டி நேராக டேபிளில் (ஆண்டு முதலில் வரும் வடிவத்தில்) ஒருமுறை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். 29-02-2024 உள்ளே போக வேண்டும், 29-02-2023 போகக்கூடாது. 29-02-2000 போக வேண்டும், 29-02-1900 போகக்கூடாது, ஏனென்றால் நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருஷம். (எக்செல் 29-02-1900ஐ ஏற்றுக்கொள்ளும். பழைய லோட்டஸ் 1-2-3க்கு ஒத்துப்போக வேண்டி அப்படியே விட்டுவைத்த பிழை அது. அதைப் பார்த்து உங்கள் விதி தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.) 31-04, 31-06, 0000-00-00, வெறும் இடைவெளி, ஐந்து இலக்க ஆண்டு, எதிர்காலம் வரக்கூடாத ஃபீல்டில் நாளைய தேதி எல்லாம் மறுக்கப்பட வேண்டும். இன்றைய தேதியைக் காலை 5.30க்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அதற்காக ஒருநாள் அலாரம் வைத்து எழுந்தாலும் தகும்.

29-02-2004இல் பிறந்தவருக்கு 18 வயது எப்போது நிறைகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். பிறந்த தேதியோடு 18 ஆண்டு கூட்டச் சொன்னால் மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் 2022 பிப்ரவரி 28 என்னும், எஸ்கியூலைட் மார்ச் 1 என்னும். எது வேண்டும் என்பதைச் சங்கத்திடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை பிறந்த தேதிகளை நாள்-மாதம் வாரியாக எண்ணுங்கள். 2,000 உறுப்பினர் இருந்தால் ஒரு நாளுக்குச் சராசரியாக ஐந்தாறு பேர் வருவார்கள். ஜனவரி 1இல் மட்டும் நூறு பேர் நின்றால் கவுன்ட்டரில் யாரோ தெரியாத தேதிக்கு அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மே, ஜூனில் கூட்டம் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயதுக் கணக்குக்காக எழுதிய தேதி அது, சான்றிதழிலும் அதுதான் இருக்கும். ஜனவரி 1 கூட்டத்தை மட்டும் பட்டியல் எடுத்து, அந்தந்தப் பதிவில் ‘துல்லியம்’ என்ன என்று பார்த்து, கவுன்ட்டரில் இருப்பவரிடம் போய்க் கேளுங்கள். ‘ஆண்டு மட்டும்’ என்ற தேர்வு திரையில் அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கலாம். அதை மேலே கொண்டுவந்து வையுங்கள்.